அதுவா, அவளா: இருண்ட தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலை

இருண்ட விஞ்ஞானப் புனைவுத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுத உட்காரும் புதியவர்கள், விண்கலத்தின் பாகங்களுக்கும் மந்திரச் சொற்களுக்கும்தான் திண்டாடப்போகிறோம் என்று நினைத்து வருகிறார்கள். அவை இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தீராதது வினைமுற்றின் வால். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தால் தமிழில் வந்தானா, வந்தாளா, வந்தாரா, வந்ததா என்று சொல்லியே ஆக வேண்டும். யார் மனிதர், எது இயந்திரம் என்பதே புதிராக இருக்கும் கதையில், எழுதியவர்கள் ஒரு சீசன் முழுக்கப் பொத்தி வைத்ததை நாம் முதல் வரியிலேயே அவிழ்த்துக் கொட்டிவிடலாம்.

அதனால்தான் சேலத்தில் எங்கள் குழுவில் ஆள் சேர்க்கும்போது ஆங்கிலப் புலமையைவிட ரசிகத்தன்மையைப் பார்க்கிறோம். வந்து சேர்ந்தவர்கள் எல்லாருமே பெண்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வியப்பாக இருக்கிறது. ரத்தமும் இருட்டும் விண்வெளியும் பையன்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் போகவில்லை. ஆனால் இந்த வகைத் தொடர்களின் ரசிகர் வரலாற்றைப் பெண்களை விட்டுவிட்டு எழுதவே முடியாது. ஸ்டார் ட்ரெக் தொடருக்கு 1967இல் வந்த முதல் ரசிகர் இதழான ஸ்பொக்கனாலியாவை நடத்தியவர்கள் பெண்கள். அந்தத் தொடர் இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்ற நிலையில் கடிதங்களைக் குவியவைத்த இயக்கத்தைத் தன் கணவரோடு சேர்ந்து முன்னின்று நடத்தியவர் பீஜோ ட்ரிம்பிள். இங்கேயும் 1990களின் பிற்பாதியில் சன் டிவியில் நாகா இயக்கிய மர்மதேசம் ஓடியபோது, இரவுச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டு விளக்கை அணைத்து உட்கார்ந்தது யார் என்பது தமிழ் வீடுகளுக்குத் தெரியும். அதற்கும் வெகு முன்னால், 1952இல், ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கூட்டில் 'காடு' என்ற படத்தை எடுத்தது. எப்போதோ அழிந்துபோன, உடல் முழுக்க ரோமம் அடர்ந்த மாமூத் யானைகள் உயிரோடு திரியும் கதை அது. விஞ்ஞானப் புனைவு சேலத்துக்கு நேற்று வந்த விருந்தாளி இல்லை.

ரசிகை செய்யும் முதல் வேலை, எதையும் எழுதாமல் முழு சீசனையும் பார்ப்பது. பிறகுதான் சொற்பட்டியல். எங்கள் பட்டியலில் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் என்ற பத்தி கடைசியில்தான் வரும். அதற்கு முன் நான்கு பத்திகள்: யார் யாரிடம் பேசுகிறார், நீயா நீங்களா, திணையும் பாலும், எந்த எபிசோட் வரை மறைக்க வேண்டும். இந்த நான்காவது பத்தியை நிரப்பாமல் வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது நிச்சயம்: மூன்றாம் எபிசோடில் ஒருத்தி 'அவன்' என்று எழுதியிருப்பாள், எட்டாம் எபிசோடில் முகமூடியைக் கழற்றினால் பெண் இருப்பாள்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இதற்குச் சரியான பாடப்புத்தகம். 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி, 2004 முதல் 2009 வரை ஓடியது. மனிதர்கள் உருவாக்கிய சைலான்கள் என்ற இயந்திரங்கள் மனித உருவில் மனிதர்களோடு கலந்துவிட்ட கதை. மனிதர்கள் அவர்களை 'டோஸ்டர்' என்று இழிவாகச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதினால் சமையலறைச் சாமான்தான் நினைவுக்கு வரும், வசை உறைக்காது. 'தகர டப்பா' என்றால் உறைக்கும். பெரிய கேள்வி வேறு. சைலானான ஷாரனைப் பற்றிப் பேசும்போது அதுவா, அவளா? அவளை இயந்திரமாகப் பார்ப்பவர் பேசினால் 'அது வந்தது'. காதலிக்கும் ஹீலோ பேசினால் 'அவள் வந்தாள்'. பிறகு ஷாரன் அதே படையில் அதிகாரியாகப் பொறுப்பேற்கும்போது 'லெப்டினன்ட் வந்தார்'. ஆங்கிலத்தில் பிரதிப்பெயரில் மட்டும் தெரியும் இந்த நகர்வு, தமிழில் ஒவ்வொரு வினையிலும் தெரியும். எந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் 'அது'வை விட்டு 'அவள்' என்று மாறுகிறது என்று காட்சி எண்ணோடு குறித்து வைக்க வேண்டும். புள்ளி, கொம்பு, கால், இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணும் சாப்ட்வேர் கணக்கில் 'அது வந்தது' 10 குறி, 'அவள் வந்தாள்' 12 குறி. இரண்டே குறிதான் வித்தியாசம், ஆகவே இடமில்லை என்ற சாக்கு செல்லாது.

இங்கே சேலத்துப் பேச்சு ஒரு சிக்கலையும் ஒரு வசதியையும் சேர்த்துக் கொடுக்கிறது. நம் பக்கம் 'அக்கா சொல்லுச்சு', 'அந்தப் புள்ள வந்துச்சு' என்பது சாதாரணம். பாசமும் அதில்தான், அலட்சியமும் அதில்தான். அஃறிணை முடிவைக் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு, அது எப்போது செல்லம், எப்போது மிதிப்பு என்பதைத் தொனியிலேயே பிரிக்கத் தெரியும். ஒரு பெண் உருவத்தைப் பார்த்து 'அது' என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்பதும் அதனால்தான். அந்தத் தயக்கம் இந்த வேலைக்குத் தேவையான கருவி என்றே நினைக்கிறோம். வசதி இதுதான்: எழுத்துத் தமிழின் 'வந்தது' குளிர்ந்த சொல், பேச்சின் 'வந்துச்சு' சூடான சொல். சைலானை வெறுப்பவருக்கு முதலாவது, வெறுப்பிலிருந்து இளகத் தொடங்கியவருக்கு இரண்டாவது. 'அவள்' என்று தாவுவதற்கு முன் ஒரு படிக்கட்டு கிடைத்துவிடுகிறது.

அதே தொடரில் பெண் அதிகாரிகளையும் 'சார்' என்றுதான் அழைப்பார்கள். புதிதாக வருபவர்கள் திருத்துவதாக எண்ணி 'மேடம்' என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றக் கூடாது. அந்தக் கப்பலில் பதவிக்குப் பால் இல்லை என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்கிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு இடறும், மூன்றாம் தடவை புரிந்துவிடும். குடியரசுத் தலைவர் ரோஸ்லினுக்கு 'அம்மா' போடலாம் என்ற யோசனை ஒவ்வொரு புதியவரிடமிருந்தும் வரும். தமிழ்நாட்டு அரசியலில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு முகம் இருக்கிறது, ஆகவே வேண்டாம். அந்தத் தொடரின் கற்பனை வசைச்சொல்லை ஒலிப்படி எழுதினால் 'ஃப்ராக்' ஆகும், குழந்தை போடும் கவுன் ஆகிவிடும். குறிலாக்கி 'ஃப்ரக்' என்று வைத்துக்கொண்டோம். 'எழவு' என்று தமிழ் வசையைப் போட்டால் இன்னும் சுலபம்தான், ஆனால் இல்லாத சொல்லாக இருப்பதே அதன் பொருள்.

தீர்க்கதரிசனங்கள் இன்னொரு கண்ணி. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் ஏழாவது சீசனில், வாக்களிக்கப்பட்ட இளவரசன் என்று எல்லாரும் சொல்லிவந்த சொல்லுக்கு வலீரியம் என்ற அந்தக் கதையின் கற்பனை மொழியில் பாலே இல்லை என்று மொழிபெயர்ப்பாளரான மிஸாண்டே திருத்துவாள். ஆரம்பத்திலேயே 'வாரிசு' என்று பொதுவாக எழுதிவிட்டால் அந்தத் திருத்தத்துக்கு வேலை இல்லாமல் போகும். 'இளவரசன் வருவான்' என்று எழுதினாலோ பிறகு பழைய வரியே பொய்யாகிவிடும். 'இளவரசர் வருவார்' என்று தொடங்க வேண்டும். பெயர்ச்சொல் ஆணைக் காட்டும், வினை இருவருக்கும் பொருந்தும். மிஸாண்டே பேசிய பிறகு பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும், 'வருவார்' அப்படியே நிற்கும்.

ஜெர்மன் தொடரான டார்க், 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட். அதற்கு உறவுமுறை மரம் வரையாமல் கை வைக்கவே கூடாது. காலத்தில் பின்னுக்குப் போன சிறுவன் மிக்கெல்தான் யோனாஸின் அப்பா. மிக்கெலின் அக்காதான் யோனாஸ் காதலிக்கும் மார்த்தா. ஆங்கில வரியில் 'ஆன்ட்' என்று வருவதைத் தமிழில் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று தீர்மானித்தாக வேண்டும். 'அத்தை' என்று வந்த நொடியில் தமிழ்ப் பெண்ணுக்கு உடம்பு கூசும், ஏனென்றால் அத்தை மகள் முறைப்பெண், அத்தையோ தாய்க்குச் சமம். மூலத்தைவிட ஆழமாக இறங்கும் இடம் இது. ஆகவே அந்தச் சொல்லை உண்மை வெளிப்படும் காட்சிக்கு முன் எங்கேயும் சிந்தக் கூடாது. இதே தொடரில் சார்லட்டும் எலிசபெத்தும் ஒருவருக்கொருவர் தாயும் மகளும். நம் வீடுகளில் தாய் மகளையே 'வாம்மா' என்று கூப்பிடுவாள். பழக்கத்தில் அப்படி எழுதினால் முடிச்சு முன்கூட்டியே அவிழும். 'கண்ணு' போட்டுக்கொள்கிறோம். வெளிப்பட்ட பிறகு 'வாம்மா' வரட்டும், அப்போது அது அழவைக்கும்.

வன்முறைக் காட்சிகளில் ஒரு சொல்லில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'கற்பழிப்பு' எழுதக் கூடாது. நடந்தது ஒருவன் செய்த குற்றம், அந்தச் சொல்லோ பாதிக்கப்பட்டவளின் கற்பு போனது என்கிறது. 'பாலியல் வன்கொடுமை' 17 குறி, வரியில் இடிக்கிறது என்பார்கள். 'வன்புணர்வு' சரியாக 10 குறி, 'கற்பழிப்பு'ம் அதே 10. பெண்களைப் பிள்ளை பெற்றுத்தரும் அடிமைகளாக்கும் ஒரு மதவாத ஆட்சியின் கதையான தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் போன்ற தொடரில் இந்தத் தேர்வு எபிசோடுக்கு எபிசோட் வரும். அந்தத் தொடருக்குத் தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ராகேல், பில்காள் வரும் ஆதியாகமம் 30ஆம் அதிகாரம்தான் அந்த ஆட்சியின் சடங்குக்கே அடிப்படை, ஆகவே அந்த நடையில் எழுதினால்தான் அச்சம் வரும். நாயகியின் பெயர் ஆஃப்ரெட். 'ஃப்ரெட்டுக்கு உரியவள்' என்ற பொருளை முதல் எபிசோடில் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றச் சொல்லிக் கேட்கப்பட்ட பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எழுத்துக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் பாதிப் பிழை அங்கேதான். வரிக்கு 42 குறி, திரையில் இரண்டு வரி, நீண்டால் 7 நொடி, குறைந்தது 24 பிரேம் ஓட்டத்தில் 20 பிரேம் என்பது பரவலான அளவு. ஆனால் சாப்ட்வேர் எழுத்தை எண்ணுவதில்லை, குறியை எண்ணுகிறது. 'நீங்கள்' நமக்கு 4 எழுத்து, அதற்கு 7. ஆகவே ஆங்கில வரியை நீளத்தில் பிரதி எடுக்க முயன்றால் தோற்போம். வெட்ட வேண்டியது எழுவாயைத்தான். வினையின் வாலே யார் என்று சொல்லிவிடுவதால் 'அவள்' பல இடங்களில் தேவையே இல்லை. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க மறந்தால் பார்ப்பவர் திரையில் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும். பென் டிரைவில் போட்டுப் பழைய டிவியில் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். சில டிவிகள் 'கொ'வின் கொம்பையும் காலையும் பிரித்துக் காட்டும். அது டிவி எழுத்தைக் காட்டும் முறையில் உள்ள குறை, கோப்பின் பிழை இல்லை.

இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்து கண்ணைக் கூசவைத்து, மிச்சமிருக்கும் படத்தையும் மறைத்துவிடும். 2019 ஏப்ரலில் வெளியான கேம் ஆஃப் த்ரோன்ஸ் இரவுப் போர் எபிசோட், எதுவுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் குறை கேட்டது. அப்படிப்பட்ட காட்சிகளில், எழுத்தின் நிறம் நம் கையில் இருந்தால், வெள்ளையைச் சற்று மங்கிய சாம்பலாக்கி மெல்லிய கறுப்பு ஓரம் கொடுக்கிறோம். யார் குரல் என்று தெரியாத இடத்தில் பெயரை முன்னால் போட வேண்டும். காது கேளாதோருக்கான வரிகளில் தமிழின் ஒலிக்குறிப்புகள் பெரிய சொத்து. 'எலும்பு முறியும் சத்தம்' என்று நீட்டுவதற்குப் பதில் 'மளுக்' என்றால் 5 குறியில் முதுகு சில்லிடும்.

சப்டைட்டிலே உதவாத பார்வையாளர்களும் இங்கே இருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை செய்யும் பெண்களுக்குக் கண் வளையத்தில் இருக்கும், காதுதான் தொடரில். அவர்களுக்கு டப்பிங் வேண்டும், அங்கே வேறு தொல்லை. தமிழில் வினை கடைசியில் விழும், ஆங்கில வாயோ அதற்குள் மூடியிருக்கும். உண்மையைச் சொல்லும் சொல்லும் அந்தக் கடைசி வினைதான். இதற்கு வாக்கியத்தைத் திருப்பிப்போட வேண்டும்: 'வந்தது மனுஷி இல்ல' என்று. பேச்சுத் தமிழ் இந்தத் திருப்பத்தை இயல்பாகத் தாங்கும், மேடைத் தமிழ் தாங்காது.

மறைத்தே ஆக வேண்டிய இடங்களுக்குத் தமிழ் ஒரு மறைவான கதவை வைத்திருக்கிறது. 'வந்தாச்சு', 'போகணும்', 'வரட்டும்', 'இருக்கலாம்', 'முடியாது', 'இல்லை'. இவற்றுக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை. முகம் தெரியாத கொலையாளியோ, சைலான் என்று இன்னும் தெரியாத அதிகாரியோ, இவற்றை வைத்தே ஒரு காட்சியை ஓட்டிவிடலாம். அளவு முக்கியம். அடுத்தடுத்து இரண்டு வரி வரை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது வரியிலும் 'ஆச்சு' என்று முடித்தால், கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகை படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டுவாள். ஆகவே மூன்றாவது வரியை அந்த ஆளே தன் வாயால் பேசுவதாக அமைத்துக்கொள்கிறோம். 'வந்துட்டேன்' என்பதிலும் யாரென்று தெரியாது.