நன்றி இல்லாத ஊழியம்

மிஷன் ஊழியம் என்றதும் பிரசங்கம்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் அதிகம் செய்வது கொழும்பு பெரியாஸ்பத்திரியில் ஓடித் திரிகிற வேலை. ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து இரவு பஸ் ஏறி வருகிறவர்கள், கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசையென்று தெரியாமல் நிற்பார்கள். அவர்களுக்கு நம்பர் எடுத்துக் கொடுக்க வேண்டும், டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். உள்ளே இல்லாத மருந்தென்றால் துண்டைக் கொண்டு பார்மசி பார்மசியாக ஏறி இறங்க வேண்டும். 2022 நெருக்கடியில் பட்ட அலைச்சல் சொல்லி மாளாது.

நன்றியை விடச் சந்தேகம்தான் அதிகம் கிடைக்கும். "வேதத்துக்கு மாத்தத்தான் வாறாங்க" என்பது காதில் விழும்படியே சொல்லப்படும். ஒரு அம்மாவுக்கு வாரக்கணக்கில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று மகன் வந்தார்.

"நாங்க சாமி கும்புடுற ஆளுங்கய்யா. இனி வர வேணாம்."

அம்மா சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார், நிமிரவேயில்லை. அந்தப் பையை வேன் வரைக்கும் தூக்கிப் போனது நான்தான்.

கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் அந்த மகனின் பக்கம் நியாயம் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அது தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் கட்டிப்போட்ட முறை 1921 இல்தான் ஒழிந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சும்மா வருகிற கஞ்சி பயம் தராதா? நன்றிக்காகக் காத்து நின்றால் நானும் ஒரு வட்டிக்காரன்தான்.

நான் கத்தோலிக்கன் இல்லை. இருந்தாலும் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குருவான யோசப் வாஸ் அடிகளாரை அடிக்கடி நினைப்பேன். ஒற்றனென்று கண்டியில் அவரைப் பிடித்து அடைத்தார்கள். 1697 இல் அம்மை பரவி ராஜாவே ஊரை விட்டுப் போனபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைப் பார்த்தது அதே மனிதர். காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது 2015 இல். அவர் 1711 இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு ஆறாதது மாத அறிக்கைப் படிவம். சந்தித்தவர்கள், ஜெபித்தவர்கள், ஞானஸ்நானம் எடுத்தவர்கள் என்று கட்டங்கள் இருக்கும். பார்மசி அலைச்சலுக்குக் கட்டம் கிடையாது. "பலன் ஒண்டையும் காணேல்லையே, பிரதர்" என்று கமிட்டியில் ஒருவர் பட்டிஸைக் கடித்தபடி கேட்டார். நோயாளி பேசாமல் போவதைத் தாங்கிக்கொள்ளலாம். அனுப்பி வைத்தவர்களே செய்ததைக் கணக்கில் எடுக்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்: எந்த மருந்து எந்தக் கடையில் கிடைத்தது, எந்த கிளினிக் எந்தக் கிழமை. எனக்குப் பிறகு வருகிற ஊழியருக்கு உதவும். பின்பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை, முன்பக்கம் மட்டும் போதுமென்று செயலாளர் போனில் சொன்னார். இந்த மாதம் இரண்டு தாள் கூடுதலாக இணைத்திருக்கிறேன்.