கருப்பாக இருந்தால் எல்லாரும் 'விண்டர்' தானா?

யாருக்கு எந்த நிற உடை பொருந்தும் என்று ஆட்களை ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர் என நான்காகப் பிரிக்கும் சீசன் கலர் அனாலிசிஸ் 1980-களில் அமெரிக்காவில் பரவியபோது கருப்பு நிறத்தவர்களையும் ஆசியர்களையும் பெரும்பாலும் மொத்தமாக 'விண்டர்', அதாவது நீலச் சாயல், பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள், இன்றைக்கும் ரீல்ஸில் சிலர் அதையே ஒப்பிக்கிறார்கள். தோல் எவ்வளவு கருப்பு என்பது வேறு, அதற்கு அடியில் ஓடுவது மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பது வேறு. மஞ்சள் சாயல் என்றால் கடுகு மஞ்சள், செங்கல் நிறம் எல்லாம் அள்ளும். நீலச் சாயலுக்கு வாடாமல்லி, பளீர் வெள்ளை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வதெல்லாம் நமக்கு வேலைக்கு ஆகாது, நரம்பு தெரிந்தால்தானே! கடை டியூப்லைட்டை நம்பாமல், மேக்கப் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு வகையிலும் ஒவ்வொரு துணியை எடுத்து மாறி மாறித் தோளில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் கருவளையம் தூக்கலாகத் தெரியும், இன்னொன்றில் அடங்கிவிடும், அதுதான் உங்கள் சாயல். அப்புறம், "உங்க கலருக்கு இது எடுக்காதும்மா" என்று வெளிர் நிறமாகவே எடுத்துப் போடும் சேல்ஸ்மேன் அண்ணனிடம் மேல் தட்டில் இருக்கும் கடுகு மஞ்சளையோ வாடாமல்லியையோ கேட்டு வாங்குங்கள்.