காண்டசாவுக்கு டர்போ எஞ்சின்: இடது பக்க மவுண்டிங் சொல்லிக்கொடுத்தது

அப்பா ஓட்டிய காண்டசா கார் இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இசூசு டீசல் எஞ்சின், 1,995 சிசி. சேலத்துக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. ஏற்காடு ரோட்டில்தான் திணறும். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகக் காற்று லேசாகும், கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் இன்னும் சோர்ந்துவிடும். போன வருடம் பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கக்க ஆரம்பித்ததும், சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்வதற்குப் பதில் இதே இசூசுவின் டர்போ எஞ்சினையே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். காரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸே காண்டசாவில் டர்போ போட்டு விற்றதுண்டு. அதனால் வேறு கம்பெனி எஞ்சினை நான் தேடவே இல்லை.

செய்ய நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டு வாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. எஞ்சின் நம்பர் போட்ட பில் இல்லாமல் எந்த எஞ்சினையும் வாங்காதீர்கள். அனுமதி, ஆய்வு, ஆர்.சி.யில் புது நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் என்று அலைச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் இதைத் தவிர்க்கவே கூடாது.

வேலை நடந்தது கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறையில். லாரி எஞ்சினிலேயே கை பழகிய அண்ணன். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப் எங்கும் மேலேறாமல் சரிவாகவே எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு (சம்ப்) இறங்க வேண்டும் என்று அதை மூன்று முறை கழற்றி வளைத்தார். சைலன்சர் பைப்பின் சூடு பிரேக் லைனில் படாமல் தகடு வைத்தார். கிளட்ச் பிளேட் புதுசு. எஞ்சினைத் தாங்கி நிற்கும் மவுண்டிங் ரப்பரை மட்டும், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று, பழசையே போடச் சொன்னேன். தப்பு என்னுடையது.

முதல் ஓட்டம் ஏற்காட்டுக்கு. ஏழாவது வளைவில் இரண்டாம் கியரில் மிதித்தேன். டர்போ காற்று ஏறியதும் வண்டி பாய்ந்தது, கூடவே முன்னால் 'டங்' என்று ஒரு அடி. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால், ஃபேன் இறக்கை ரேடியேட்டர் கவரை உரசிய கோடு பளபளவென்று தெரிந்தது. இடது மவுண்டிங்கில் ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து தோல் உரிந்த மாதிரி பிரிந்து நின்றது. மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன்.

"கிராங்க் ஒரு பக்கம் சுத்துனா பிளாக் எதிர்ப்பக்கம் திரும்பப் பாக்கும் தம்பி. வலது பக்கம் அமுங்கும், இடது பக்கம் தூக்கும். இழுவையில ரப்பர் பிஞ்சுக்கும்" என்றார் அண்ணன். கிராங்க் என்பது எஞ்சினுக்குள் சுழலும் தண்டு, பிளாக் என்பது எஞ்சினின் உடல். பழைய எஞ்சினின் இழுவைக்குத் தாங்கிய ரப்பர் இதற்குத் தாங்கவில்லை.

இந்த முறை இரண்டு பக்கமும் கியர்பாக்ஸ் அடியிலும் புது ரப்பர். எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் மவுண்டிங் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்ததில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அதை வெல்டு செய்து முக்கோணத் தகடு ஒன்றும் ஒட்டினோம். ரப்பர் பிய்ந்தாலும் எஞ்சின் விரலளவுக்கு மேல் எழும்பாமல் இருக்க இடது பக்கம் ஒரு இரும்புத் தடுப்பு. எல்லா போல்ட்டையும் கையால் லேசாகத் திருகிவிட்டு, எஞ்சினின் முழு எடையும் ரப்பரில் இறங்கிய பிறகுதான் அளவு பார்த்து முறுக்கும் டார்க் ஸ்பேனரை எடுத்தார். முன்னாலேயே முறுக்கினால் ரப்பர் கோணிக்கொண்டு உட்காருமாம். பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் எளிதில் தளராத புது நைலாக் நட்டு. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரைக்கும் மஞ்சள் பெயின்ட் கோடு; போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால், அதை மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடும்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்துக் கோடுகள் நேராக இருந்தன. கியர்பாக்ஸ் மவுண்டிங்கில் ஒரு கோடு மட்டும் நெல்லளவு விலகியிருந்தது. அந்த நட்டை மாற்றி, கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மேலே போனேன். ஒண்டிக்கடை வந்ததும் சாவியைத் திருப்பாமல், டர்போ ஆறட்டும் என்று இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டேன். "ஏன்டா ஆஃப் பண்ணல?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அப்பா உட்காரும் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.