பின்னல் பிரியாமல்

8 ஜூன் 2024, சனி

விடிந்ததிலிருந்து மழை. தக்கலையில் தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் கார் ஷெட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதான் சுகம். அப்பா ஓட்டிய ஜீப்பில், இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டும் வெடித்துக் கசிகின்றன. அவற்றுக்குப் பதிலாக ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் கூரியரில் வந்திருக்கிறது. எட்டாம் நம்பர், 2 மீட்டர், கூடவே ஹோஸ் முனைகளில் திருகி மாட்டுகிற நாலு பிட்டிங். அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு இந்த நம்பர். எட்டு என்றால் அரை அங்குலக் குழாய்க்குச் சமம். உள்துளை அதைவிடச் சிறிதாக இருக்கும்.

எனக்கு வேண்டியது 90 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. மிச்சம் 20 சென்டிமீட்டர். வெட்டிப் பழக அவ்வளவுதான் கையிருப்பு.

ஓரத்தில் 5 சென்டிமீட்டர் அளந்து, வீட்டில் கிடந்த ஆக்ஸா பிளேடை வைத்து அறுத்தேன். பல் கம்பியில் மாட்டி மாட்டி இழுத்தது. அறுந்த கம்பிகள் பின்னலை விட்டு வெளியே வந்து, முனை தேய்ந்த ஈர்க்குமாறு மாதிரி விரிந்து நின்றது. பிட்டிங்கின் வாய்க்குள் அது நுழையவே இல்லை. பெருவிரலில் ஏறிய கம்பித் துணுக்கை மனைவி ஊசி வைத்து எடுத்தாள். முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஆனால் ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறித்தது.

9 ஜூன், ஞாயிறு

குலசேகரத்திலிருந்து மாமா வந்திருந்தார். நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய கை. பிளேடை வாங்கி விரல் நுனியால் தடவிப் பார்த்தார். “இது பல்லு ரொம்பப் பெருசுல்லா மாப்ளே. இரும்புத் தடி அறுக்கதுக்குள்ளது.” பார்த்தேன், அங்குலத்துக்கு 18 பல்.

பிறகு டேப் சுற்றி, புளியங்கட்டையில் வைத்து, தீட்டிய உளியால் ஒரே அடி. கம்பிகள் ஒரே கோட்டில்தான் அறுந்தன. ஆனால் ஹோஸின் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டது. உள்ளே ரப்பரிலும் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ஆயில் போகிற வழியில் அப்படி ஒரு மடிப்பை விட எனக்கு மனசில்லை. இன்னொரு 5 சென்டிமீட்டர் போயிற்று.

11 ஜூன், செவ்வாய்

வேலை முடிந்து குளச்சல் போனேன். அங்கே போட் இன்ஜின் வேலை பார்க்கும் அண்ணனிடம் விரிந்த துண்டைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, மொதல்ல கம்பிய அடக்கு. பெறவு வெட்டு.”

அவர் செய்கிற முறை இது. ஒரு மரக்கட்டையில் ஹோஸின் தடிமனுக்கே துளை போட்டு, துளையின் நடுவாகக் கட்டையை இரண்டாகப் பிளந்துகொள்கிறார். ஹோஸை அந்த இரு பாதிக்கும் இடையில் வைத்து வைஸில் இறுக்குகிறார். கம்பிக்கு அசைய இடமில்லை, ஹோஸும் நசுங்காது. கட்டையை எனக்கே கொடுத்தனுப்பினார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்று ரகம் உண்டு; உப்புக் காற்றுக்கு 304 நிற்காது, கறை பிடிக்கும், படகுக்கு 316தான் என்றும் சொன்னார். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான்.

15 ஜூன், சனி

நாகர்கோவிலில் 32 பல் பிளேடும், கை கிரைண்டரில் மாட்டுகிற 1 மில்லிமீட்டர் கட்டிங் வீலும் வாங்கி வந்தேன். இரண்டையும் பார்த்துவிடலாம் என்றுதான்.

டேப் சுற்றுவதில்தான் அதிக நேரம் போனது. ஹோஸை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்தேன். இன்சுலேஷன் டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நாலு சுற்று. வெட்டும் கோடு டேப்பின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழக் கூடாது. இரு பக்கமும் கம்பி கட்டுக்குள் இருந்தால்தான் அறுபடும்போது விலகாது.

முதல் வெட்டு கிரைண்டரில். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டேன். அழுத்தாமல் வீலின் எடையிலேயே இறங்கவிட்டதும் சில நொடியில் முடிந்தது. கம்பி முனைகள் தீட்டியதுபோல் சமமாக இருந்தன. ஆனால் ரப்பர் கருகி, விளிம்பு பிசுபிசுத்தது. (உள்ளே டெஃப்லான் குழாய் உள்ள ஹோஸை இப்படி வெட்டவே வேண்டாம். அது அதிகம் சூடானால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது. அதற்குப் பிட்டிங்கும் வேறு.)

இரண்டாவதைத் தொடங்கும் முன் கரண்ட் போய்விட்டது. அண்ணனின் கட்டையில் ஹோஸை இறுக்கி, பிளேடின் பல் முன்னோக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீளமாக, மெதுவாகத் தள்ளி அறுத்தேன். திரும்பி இழுக்கும்போது அழுத்தம் கொடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டே கம்பி துருத்தியது, கட்டரால் நறுக்கிவிட்டேன். ரப்பர் வழவழப்பாக, வட்டமாக இருந்தது. ரப்பர் உள்ள ஹோஸுக்கு இனி எனக்கு ஆக்ஸாதான்.

16 ஜூன், ஞாயிறு

இன்று சுத்தம் செய்தது மட்டும். வெட்டியதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று இன்றுதான் புரிந்தது.

முதலில் ஏர் அடித்தேன். பிறகு தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை) ஹோஸுக்குள் விட்டு, அதன் நுனியில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, டீசலில் நனைத்து இழுத்தேன். ஏர் அடித்த ஹோஸ்தான், ஆனாலும் துணி மை மாதிரி கறுத்து வந்தது. வெயிலில் விரித்துப் பார்த்தேன். கறுப்புக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம். ஸ்டீல் துணுக்கு. கூலரிலிருந்து திரும்பும் ஆயிலோடு அது இன்ஜினுக்குள் போய் பேரிங்கில் மாட்டியிருந்தால் கிராங்கையே கீறியிருக்கும். அதை நினைத்து வயிறு கலங்கியது. புதுப்புதுத் துணியாக மாற்றி மாற்றி இழுத்தேன். ஆறாவது துணிதான் வெள்ளையாக வந்தது.

22 ஜூன், சனி

பிட்டிங் மாட்டியாயிற்று. பிட்டிங்கின் வெளிக் கூட்டுக்குள் ஹோஸைத் திருகி, மரை தொடங்கும் இடம்வரை தள்ளி, அந்த இடத்தில் ஹோஸைச் சுற்றி ஒரு டேப் அடையாளம். உள் துண்டில் ஆயில் தடவி முறுக்கும்போது அடையாளம் நகர்ந்தால் ஹோஸ் பின்வாங்குகிறது என்று அர்த்தம். ஒன்று நகர்ந்தது; கழற்றி மறுபடி மாட்டினேன்.

இது ஆயில் லைன் என்பதால் வீட்டில் செய்தேன். பிரேக் ஹோஸ் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்து வருவதைத்தான் வாங்குவேன், எவ்வளவு கை தேறினாலும்.

பேச்சிப்பாறை வரை போய் வந்து, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் விட்டேன். ஒரு சொட்டு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு ஹோஸ் சேஸிஸில் உரசி, பெயிண்டை அரம்போல் ராவியிருக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் நறுக்கி, அந்த இடத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.