புளியமரம் விற்ற வருடம்

ஜூன் 2, 2025
மருத்துவப் பரிசோதனை முடிவு வரவில்லை. புதன்கிழமை கேளுங்கள் என்கிறார்கள்.

ஜூன் 3
தூக்கம் இல்லை. விடிவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டேன். அம்மாவைப் பற்றி எப்படித் தொடங்கினாலும் பல்லில் போய் நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு. அம்மாவின் பற்கள் காவியேறியிருக்கும். சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். இருக்கிற ஒரே புகைப்படத்திலும் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாள். புளூரைடு இல்லாத தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013இல்தான் திறந்தார்கள். அவள் இருந்து பார்க்கவில்லை.

எழுத நினைத்தது பல்லை அல்ல, புளியமரத்தை. தாத்தா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த மரம். அப்பா அதை விற்றுவிட்டார். மரம் வெட்ட ஆட்கள் வந்த அன்று அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. எந்த வருடம்? அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் முகவரி எழுதச் சொன்னபோது பழக்கத்தில் 'சேலம் ஜில்லா' என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துத் திருத்தினார், அது நினைவிருக்கிறது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. அப்படியானால் நான் ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு வயது 36.

முப்பத்தாறு! என் மகனுக்கு 42 ஆகிறது. சிலிண்டர் பதிவு செய்வதற்கே என்னிடம் கேட்கிறான். நான் இத்தனை காலம் கோபித்துக்கொண்டிருந்தது கடைசிக் காலத்து நரைத்த மீசைக்காரரை. மரத்தை விற்றவன் வேறு ஆள், கடனும் மூன்று பிள்ளைகளும் இருந்த இளைஞன். வாயால் சொல்லும்போது யாருக்கும் வயது தேவைப்படவில்லை. எழுத உட்கார்ந்தால் கேட்கிறது.

ஜூன் 4
மருத்துவர் விடுப்பாம். இரவு முழுக்க மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் சத்தம்.

ஜூன் 5
பேத்தி தன் பாடத்திலிருந்து படித்துக் காட்டினாள். வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சி என்றே பலரும் நினைத்திருந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் அது இயல்பானது என்று எழுதினாராம். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம் தன் வாழ்க்கையைத் தானே கணக்குப் பார்க்கிறது. சிலருக்கு அது குற்றவுணர்விலும் சோர்விலும் போய் முடியலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 'முடிவு நெருங்குவதை' என்ற இடத்தில் பிள்ளையின் குரல் தயங்கியது. எனக்குப் பயமில்லை என்று காட்ட இன்னொரு தோசை கேட்டேன்.

இன்னொன்று, 1986இல் பென்னிபேக்கர் என்பவர் செய்த ஆய்வு. கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனத்தை அறுக்கும் விஷயத்தை எழுதவைத்தார்களாம். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்துப்போனது. பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் போவது குறைந்தது. முதல் பாதியை நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டு மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை. இரண்டாம் பாதி இருபது வயதுக்காரர்களுக்கு. நான் வைத்தியரை விட்டாலும் அவர் என்னை விடமாட்டார்.

ஜூன் 7
பக்ரீத். ஆய்வகம் மூடியிருக்கும். இன்று ஒரு நாள் நிம்மதி.

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அப்பாவா விற்றார்? போடி. விலை பேசியது அம்மா. நான் திண்ணையில் இருந்தேன்."

"பிறகு ஏன் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை?"

"விற்றவளுக்கு அழுகை வராதா?"

நான் விடவில்லை, அவளும் விடவில்லை. சண்டை முற்றிக் கடைசியில் இருவருமே சிரித்துவிட்டோம். பாகப்பிரிவினைக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

ஜூன் 8
இரண்டு கதைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தேன். அப்பாமேல் இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் பழைய உரிமையோடு உட்கார அதற்கு இடமில்லை.

மகன், "எதற்கம்மா மனத்தைக் கிளறிக்கொள்கிறாய்?" என்றான். களி கிண்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

ஜூன் 9
அம்மாவின் பல். இன்று வந்தது. காவேரிப்பட்டணத்தில் கொட்டகை சினிமா பார்க்கும்போது, இருட்டில், முந்தானை மடியில் கிடக்க வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நான்தான் இருந்தேன். இதற்கு அக்கா மறுப்புச் சொல்ல முடியாது, அவள் அன்று வரவேயில்லை.

ஜூன் 10
அழைத்தார்கள். போனில் சொல்லமாட்டார்களாம், நேரில் வரவேண்டுமாம். அக்கா பாலக்கோட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். மரத்தை வாங்கிய வியாபாரியின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டதாம். அதையும் நேரில்தான் சொல்வாளாம்.