ஏற்காட்டில் ஒரு வீட்டுப் பள்ளி: எழுத்துப் பிழைக்கும் இலக்கியத்துக்கும் புத்தகம் தேடியது

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். "இத்தனை போர்டிங் ஸ்கூல் இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு வீட்லயா படிக்க வைக்கிறீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. அது தனிக்கதை. 14 வயதுக்குப் பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவைக்கலாம் என்பது திட்டம். அதுவரை என்ன புத்தகம் என்பது எங்கள் விருப்பம். கணக்குக்கும் அறிவியலுக்கும் தமிழ்நாடு பாடநூல் கழகத்துப் புத்தகங்களே போதும் என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. எழுத்துப் பிழையும் இலக்கியமும்தான் இழுத்தடித்தன.

முதலில் சேலத்துக்கு இறங்கிப்போய்க் கடைகளில் கேட்டேன். "எந்த கிளாஸுங்க? கைடு வேணுமா, காப்பி நோட்டு வேணுமா?" என்றார் கடைக்காரர். வகுப்பு எதுவும் இல்லை என்று சொன்னதும் அவருக்கு என்ன எடுத்துக் காட்டுவது என்றே தெரியவில்லை. கிடைத்ததெல்லாம் பாடவாரியாகச் சொற்பட்டியல் போட்ட புத்தகங்கள். என் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பது அந்தப் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? ஓர் இரட்டைக் கோடு நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

அந்த நோட்டில் அவர்கள் தானாக எழுதுவதில் வரும் பிழைகளை மட்டும் குறித்துவந்தேன். பாட்டிக்கு எழுதும் கடிதம், மளிகைச் சீட்டு, மகன் வரையும் படங்களுக்குக் கீழே எழுதும் வசனம், எல்லாவற்றிலிருந்தும். கொஞ்ச நாளில் பார்த்தால் பிழைகள் அப்படியே மூன்று குவியலாகப் பிரிந்து கிடந்தன.

முதல் குவியல் ண, ன, ந. இதற்குப் புத்தகமே வேண்டாம். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயரைச் சொல்லிப் பழக்கினாலே பாதி தீர்ந்துவிடும். ட-வுக்கு முன்னால் வருவது மூன்று சுழி: வண்டு. ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி: கன்று. த-வுக்கு முன்னால் ந்: பந்து. மகன் இதை வாரம் முழுக்க வீட்டில் கத்திக்கொண்டு திரிந்தான். மகளுக்கு இன்னொரு படி மேலே முந்நூறு தேவைப்பட்டது. அவள் எழுதிய 'முன்னூறு' என்பதற்கு முந்தைய நூறு என்றுதான் பொருள். பெரியவர்களே செக்கில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவளைச் சொல்லி என்ன?

இரண்டாவது குவியல் தேவையில்லாத ஒற்று. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது என்ற ஒரே விதி போதும். அதற்குப் பயிற்சிப் புத்தகமாக அமைந்தவை சேலத்துக் கடைப் பலகைகளும் பிளெக்ஸ் பேனர்களும்தான். அஸ்தம்பட்டியில் சிக்னலுக்கு நின்றபோது ஒரு பேனரில் 'விடாமுயற்ச்சி' என்றிருந்தது. "அம்மா, ற்-க்குப் பக்கத்துல ச் உக்காந்திருக்கு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி மகன் கத்தினான். அதிலிருந்து சேலம் போனாலே 'சில்லரை', 'கட்ச்சி' என்று வேட்டைதான்.

மூன்றாவது ல, ள, ழ. இதற்கு அப்படிச் சுலபமான விதி கிடையாது. காதுதான் வழி. எங்கள் பக்கம் பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றாகிவிடும். என் மாமியார் வாயில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். பேச்சைத் திருத்துவதில் எனக்கு விருப்பமில்லை. பாட்டி பேசுவது தப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதனால் பேச்சு பேச்சாக இருக்கட்டும், நல்ல தமிழை உரக்க வாசித்துக் காதைப் பழக்குவோம் என்று முடிவெடுத்தோம். இப்படித்தான் எழுத்துப் பிழைக்குத் தேடிப் போனது இலக்கியத்தில் கொண்டுவந்து விட்டது.

ஆங்கிலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்கே வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஸ்பெல்லிங் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பினார். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் முறை அருமையாக இருந்தது. ஆனால் கலர் என்ற சொல்லில் யு கிடையாது, சென்டர் என்பது இ-ஆரில் முடிகிறது. நோவா வெப்ஸ்டர் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தன் எழுத்துப் புத்தகத்தாலும் அகராதிகளாலும் நிலைநிறுத்திய வழக்கம் அது. நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கில் போகின்றன. ஒலிப்பயிற்சியை வைத்துக்கொண்டு, சொற்பட்டியலைக் கட்டிப் பரணில் போட்டேன்.

சரி, தமிழ் இலக்கியம். குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. புரட்டிப் பார்த்ததில் முக்கால்வாசி ஒரே வார்ப்பு: கதை அரைப் பக்கம், நீதி அரைப் பக்கம். மொழியின் ருசியே இல்லை. குறைவாக இருந்தாலும் மூலமே படிக்கட்டும் என்று நினைத்தேன். மகனுக்கு ஆத்திசூடி, வரி சின்னது. மகளுக்கு மூதுரை, மொத்தமே 30 வெண்பாதான்.

அடுத்து என்ன என்றால் எல்லோரும் திருக்குறள் என்பார்கள். அது எப்படியும் வரத்தான் போகிறது. நான் எங்கள் பக்கத்து ஆட்களைத் தேடினேன். தகடூர் என்ற தருமபுரியை ஆண்ட அதியமான், கொல்லிமலை ஓரி. கொல்லிமலை 1997-ல் நாமக்கல் பிரியும்வரை சேலம் மாவட்டம்தான். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் ஓரியின் ஒரே அம்பைப் பாடுகிறார். அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மகன் ஐந்தையும் வரிசையாக வரைந்து, நடுவில் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அம்பை இழுத்தான். உடும்பு மட்டும் பல்லி மாதிரி வந்துவிட்டது. "இது நடக்குமாம்மா?" என்று கேட்டான். புலவர் சொல்கிறார், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம் என்றேன்.

அதியமானுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். நெல்லிக்கனி வாங்கிய ஔவையும் ஆத்திசூடி எழுதிய ஔவையும் ஒருவரா? இல்லை, இடையில் பல நூற்றாண்டுகள் என்று சொன்னதும் அவளுக்கு ஏமாற்றம். இப்படியொரு கேள்வி சுருக்கப் பதிப்பிலிருந்து வந்திருக்காது.

பதிப்பு தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, சந்தி பிரித்ததா என்பது. சேர்த்தே அச்சிட்ட பாட்டைப் பெரியவர்களாலேயே சட்டென்று வாசிக்க முடியாது. மர்ரே எஸ். ராஜம் 1950-களில் கொண்டுவந்த சந்தி பிரித்த பதிப்புகள் இந்த விஷயத்தில் முன்னோடி. இணையத்தில் மதுரைத் திட்டத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் எனக்கு உரையும் வேண்டியிருந்தது. தவிர, மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, எழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பழைய புத்தகங்களில் லை, ணை, னை எல்லாம் மேலே துதிக்கை தூக்கி நிற்கும். எழுத்துப் பழகும் 8 வயதுப் பையனுக்கு அது குழப்பம், வேண்டாம். மகளோ அதை ரகசிய எழுத்து என்று சொல்லிக் கடிதத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள். வாங்கினால் பூஞ்சைக்கும் ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் இந்த ஈரத்துக்கு அலமாரிக்குள்ளேயே அட்டை வெளுத்துப் பூக்கும். வெயில் அடிக்கும் நாளில் எடுத்து விரித்துப் போட்டே ஆக வேண்டும்.

இப்போது தனியாக ஸ்பெல்லிங் வகுப்பு கிடையாது. திங்கட்கிழமை ஒரு பாட்டோ அதன் உரையில் ஒரு பத்தியோ உரக்க வாசிக்கிறோம். அடுத்த இரண்டு நாள் பார்த்து எழுதுகிறார்கள். வியாழக்கிழமை நான் சொல்ல அவர்கள் எழுத வேண்டும். பிழைகள் அதே நோட்டுக்குப் போகின்றன. ண-ன குவியல் ஏறக்குறைய கரைந்துவிட்டது. ழ-ள குவியல் இன்னும் இருக்கிறது.

மகள் அடுத்து சிலப்பதிகாரம் கேட்கிறாள். முழுவதும் இப்போதைக்கு வேண்டாம், வழக்குரை காதை மட்டும் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரிய எழுத்தில், சந்தி பிரித்து, எளிய உரையோடு இருக்கும் பதிப்பு எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த முறை சேலம் இறங்கும்போது வாங்கிவிடுவேன்.