அம்மாவின் பழைய நம்பர்

அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. நிலத்தை விற்பதைப் பற்றி அப்பாவோடு ஒரு பேச்சு வந்து, பேச்சு முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன்தான். எந்த ஊரில் இருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், எங்கள் போனை எடுப்பதில்லை. அன்றிலிருந்து அம்மா விடியக்காலை நாலு மணிக்குப் பாயில் முழங்கால் போட்டு அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறாள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கிடைக்கும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டைகளை அவள் தூக்கிப் போடுவதே இல்லை, ஏழும் பைபிளுக்குள்தான் இருக்கின்றன.

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் எனக்குப் பிடிக்கும். ரொம்ப நாள் கழித்துக் குழந்தை பிறந்தது, நின்றுபோன வேலை திரும்பக் கிடைத்தது என்று கேட்கும்போது நானும் மனசார ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அந்த மைக் கிடைப்பதில்லை. ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் அம்மாவிடம், "விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கும்மா, அதான் தாமதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் ஆறவில்லை, ஏனென்றால் அது வேதத்துக்கே ஒத்துவராத பேச்சு.

ஆபிரகாமைப் பாருங்கள். உன்னைப் பெரிய ஜனமாக்குவேன் என்று தேவனிடம் வாக்குத்தத்தம் வாங்கிப் புறப்பட்டபோது வயது 75, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் 25 வருஷம். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 16-ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் அவருக்கு வயது 86, அடுத்த வசனம், அதாவது 17-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், 99 என்று தொடங்குகிறது. நடுவே இருந்த 13 வருஷத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாம் ஒரு மூச்சில் வாசித்துத் தாண்டிவிடுகிற அந்த இடைவெளியில்தான் அவர் தினமும் எழுந்து, ஆடு மாடு பார்த்து, மனைவி சாராளின் முகத்தைப் பார்த்து வாழ்ந்திருக்கிறார். அத்தனை வருஷ மௌனத்திலும் தேவன் சொன்ன சொல்லை விடவில்லை.

பைபிளில் புலம்பல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று வருகிறதே, அதை நாம் பெரும்பாலும் ஜெபம் கேட்கப்பட்ட பிறகு சொல்கிறோம். அது பாடப்பட்டதோ கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமையும் ஆலயத்தையும் எரித்த பிறகு, தெருவில் பிள்ளைகள் பசியில் மயங்கி விழுந்த காலத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு. இன்னொன்றும் எனக்குத் தோன்றும், தமிழில் உண்மை என்ற சொல்லுக்கு முதல் பொருளே இருத்தல், உள்ளதாக இருப்பது. அதற்கு எதிர்ச்சொல் இன்மை. அப்படி வாசித்தால், அந்த வசனம் பதில் வந்துவிட்டது என்று சொல்லவில்லை, நீர் இருக்கிறீர் என்கிறது. நாலு மணிக்கு அம்மா பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தி, புத்தகங்களும் எழுதிவந்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். அவர் சுகமாக வேண்டும் என்று எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையும் படுக்கையும்தான். கேட்ட சுகம் வரவில்லை, அவர் எழுதுவதையும் நிறுத்தவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது, எனக்கு என்னவோ இதில்தான் தைரியம் வருகிறது.

அம்மாவிடம் இப்போது புது போன் இருக்கிறது, நான் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் பட்டன் தேய்ந்த அந்தப் பழைய போனை விடமாட்டேன் என்கிறாள். அந்த நம்பர்தான் அண்ணனுக்கு மனப்பாடம், அவன் ஸ்கூலில் படிக்கும்போது வாங்கியது. வேறு யாரும் அதில் கூப்பிடுவதில்லை. ராத்திரி சார்ஜில் போட்டு, சத்தம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். நேற்று வேலிடிட்டி முடியப்போகிறது என்று மெசேஜ் வந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "இன்னைக்கே போட்டுருப்பா, நாளைக்குன்னு வைக்காதே" என்றாள். சாயங்காலமே போட்டுவிட்டேன்.